தகைவிலான் வால்

வால் பிளந்திருந்தால் தகைவிலான்: பெரியது என்று பொருள்.
வால் உருண்டிருந்தால் சிட்டு: சிறியது, நோய், கெட்டது.
மற்றபடி அதே கால், அதே அலகு.
நைல் கரையில் கொத்தியவனுக்கு
இரண்டுக்கும் நடுவே ஓர் உளி அகலம்.

இன்றிரவு திரையில் மூன்றாவதாக ஒன்று.
ஒரே கல்லறைச் சுவரில், ஒரே ஒரு முறை.
வால் பாதி பிளந்து, பாதியில் மனம் மாறி.
புது எழுத்தா, கை பிசகா?
எண் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.
செவ்வாய்க்குள் சொல் என்கிறாள் ஸுலைகா.
மற்றவர்கள் 'பிசகு' என்று போட்டாயிற்றாம்.

அங் மோ கியோ, எட்டாம் மாடி. கோப்பி ஆறிவிட்டது.
மின்தூக்கியில் நான்கு மொழியில் அறிவிப்பு;
தமிழில் மட்டும் ஒரு கொம்பு
தன் எழுத்தைத் தாண்டிப் போய்
வெறும் புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
மூன்று வாரமாய் அதோடு ஏறி இறங்குகிறேன்.

எகிப்தில் எழுத்துகள் வரிசையில் நிற்பதில்லை,
அடுக்குமாடியில் குடியிருக்கின்றன.
ஆந்தை மேலே, ரொட்டி கீழே;
இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி
'இதன் அடியில் அது' என்று சொல்லிவிட்டு
அச்சில் ஏறாமல் போய்விடும்.

எனக்கு #08-214. தலைக்கு மேல் #09-214.
பெயர் தெரியாது.
இரவு இரண்டுக்கு நாற்காலி இழுபடும், ஒருமுறை, நீளமாய்.
அதைக் கேட்டுத்தான் கணினியை அணைப்பேன்.
இந்த மாதம் இழுபடவே இல்லை.

சுவர் உதிர்ந்த இடத்துக்கும் எங்களிடம் எண் உண்டு:
கோடு நிரப்பிய சதுரம்.
இங்கே ஏதோ இருந்தது, என்னவென்று தெரியாது.
முழுச் சதுரம், அரை, கால்;
இழந்ததையும் அளந்துதான் வைத்திருக்கிறோம்.

இரண்டு பத்து.
படியேறினேன், வெறுங்காலில்.
கம்பிக்கதவுக்கு உள்ளே விளக்கு.
தாதியர் சீருடையில் ஒரு பெண்
கிண்ணத்திலிருந்து மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
பெயரட்டை திரும்பிக் கிடந்தது.
நாற்காலியின் நான்கு காலிலும்
குத்திக் கிழித்து மாட்டிய டென்னிஸ் பந்து.

"இன்னும் சத்தம் கேட்கிறதா?" என்று எழுந்தாள்.
எழுந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை.
"இல்லை," என்றேன். "அதுதான்."
அவளுக்குப் புரிந்திருக்காது.

கீழே வந்து பறவையைப் பெரிதாக்கினேன்.
உளி நின்ற இடத்தில் கல் சுத்தமாக இருந்தது.
ஸுலைகாவுக்கு எழுதினேன்:
பிசகு என்று போடாதே.
இன்னொரு சுவர் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.