வரிசை எண் ஏழு

வேலந்தாவளம் சாவடிக்குப் பின்னால்
கால்நடைத் துறை ஒதுக்கிய அறையில்
மூன்றாம் நாளாக உட்கார்ந்திருக்கிறோம்:
பாலக்காட்டிலிருந்து லிஸம்மா குரியாக்கோஸ்,
பொள்ளாச்சியிலிருந்து நான்,
நடுவில் ஒரு படிவம்.
இரண்டு மாநிலமும் ஒரே நோயை
ஒரே பொருளில் எழுத வேண்டுமாம்.

'தாக்குகிறது' என்பதை முதல் நாளே அடித்துவிட்டோம்.
வைரஸுக்குக் கையில்லை, கோபமில்லை.
செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும்
சர்க்கரைத் துணுக்கில் போய்ப் படிகிறது, அவ்வளவுதான்.
ஒட்டுதல் என்றேன்.
பற்றுதல் என்றால் ஆசை வந்துவிடுகிறது.

நுழைதல் மறுநாள் மதியம்வரை இழுத்தது.
அது எங்கே நுழைகிறது என்று கேட்டார் லிஸம்மா,
செல்லல்லவா வாயைத் திறந்து விழுங்குகிறது?
வெளியே லாரிக்காரர்கள்
நுழைவுச் சீட்டு நுழைவுச் சீட்டு என்று
எங்கள் சொல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.
உள்வாங்கல் என்று எழுதினோம்.
குற்றம் மெல்ல இடம் மாறி
செல்லின் தலையில் ஏறியது.

ஓம்புயிர் என்றதும் அவருக்குச் சிரிப்பு.
அவர்கள் சொல்லில் அது ஆதிதேயன்.
இரண்டு மொழியிலும்
இலை போட்டு உட்காரவைத்திருக்கிறோம்.
சிரித்த பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
போன மாதம் அவர் கையெழுத்துப் போட்டுப் புதைத்த வாத்துகள்
நாலாயிரம்.

கடைசிக் கட்டம், அரும்புதல்.
செல்லின் தோலையே கிழித்துப் போர்த்திக்கொண்டு
ஒட்டிய சர்க்கரையைக் கத்தரித்துவிட்டுக் கிளம்புவது.
இவ்வளவு அழகான சொல் வேண்டாமே என்றேன்.
வேறென்ன இருக்கிறது?
இல்லை.

நாலு மணிக்கு வெள்ளிங்கிரி வந்து நின்றார்.
அறுத்த வயலுக்கு மேய்ச்சல் போகும் வாத்து, ஆயிரத்து இருநூறு.
டயரில் மருந்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
வரிசை எண் ஏழு: நோய் எவ்வாறு ஏற்பட்டது?
ஒட்டுதல், உள்வாங்கல், பெருகுதல், அரும்புதல்,
கட்டங்களை விரலால் காட்டினேன்.

'சீக்கு வுழுந்துருச்சுங்க.
ராத்திரி நல்லாத்தான் மேஞ்சுது.
வெடியால பாத்தா
பதினொண்ணு கழுத்தத் திருகிக் கெடக்குது.'

விழுதல்.
மேலிருந்து. யாரும் ஒட்டாமல், யாரும் திறக்காமல்.
மூன்று நாளும் எங்களுக்குத் தோன்றாத வினை.

லிஸம்மா அதற்குள் கையுறை மாட்டிக்கொண்டு
லாரிப் பக்கம் போய்விட்டார்.
நான் ஓரத்தில் பென்சிலால் எழுதி
அடிக்கோடு போட்டு
அழித்தேன்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
தெரிகிறது இன்னும்.