வேலை தருபவரின் பெயர்

ஐப்பசிக் குளிரில் வந்தார் திருமதி எஷ்லிமான்.
சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக வைத்துவிட்டு
எங்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார்.

தலை இழுக்க எத்தனை நிமிஷம்?
பல் தீட்ட?
கட்டிலில் இருந்து கதிரைக்கு?
கழிப்பறைக்கு, ஒரு தரத்துக்கு, உடுப்போடு சேர்த்து?

நகுலேஸ் சோதனை எழுத வந்த பிள்ளை மாதிரி
எல்லாவற்றையும் குறைத்துக் குறைத்துச் சொன்னான்.
மூன்று. இரண்டு. நான் கெதியாச் செய்வன், மேடம்.
கெட்டித்தனத்துக்குப் புள்ளி தருவார்கள் என்று நினைத்தானோ.
மேசைக்குக் கீழே அவனை ஒரு மிதி மிதிக்க
என் கால் எழும்பாது என்பதற்கு
அன்றைக்குத்தான் உண்மையாகக் கவலைப்பட்டேன்.

இரவில் எத்தனை தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்?

மூன்று, என்றான்.
நான்காவது தரம் அவனைக் கூப்பிடாமல்
இடுப்பு எரிய எரிய
கூரையின் நீர்க்கறையை எண்ணிக்கொண்டு கிடப்பதை
நான் யாருக்கும் சொன்னதில்லை.
நாலு, என்றேன்.
எஷ்லிமான் நாலு என்று அடித்தார்.
நகுலேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

மூக்கு அரித்தால் சொறிவதற்கு
அந்தப் படிவத்தில் பெட்டி இல்லை.

பிறகு பனி. பிறகு பேர்னில் இருந்து கடிதம்,
எங்கள் ஆட்சேபம், இன்னொரு கடிதம்.
பூர்க்டோர்வ் தபால்காரிக்கு எங்கள் மாடிப்படி பாடமாகியது.
கடைசியில் மாதத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று வந்தது.
மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில்:
கணவருக்கு இதில் சம்பளம் கொடுக்க முடியாது.
"அப்ப எட்டு வருசம் சும்மா உழைச்சிட்டன்"
என்று சிரித்தான்.
சிரிப்பை முடிக்காமலே
பிஸ்கற் பக்டரிக்குச் சட்டை மாற்றினான்.

ஒப்பந்தத்தின் முதல் வரி:
வேலை தருபவரின் பெயர்.
தருவது என்ற சொல்லுக்கு இத்தனை காலமும்
கை நீட்டிய பக்கத்திலேயே இருந்தவள் நான்.
இரண்டு விரலுக்கு நடுவே பேனையைச் செருகி
சிவநந்தினி என்று எழுதி முடிக்க
பதினொரு நிமிஷம்.
யாரும் அதைக் கேட்கவில்லை.

வேலை செய்பவர்: லெத்தேய், கெரென் நகரத்துக்காரி.
அவளுக்கு ஓய்வூதியப் பிடிப்பு, விபத்துக் காப்புறுதி,
வருசத்தில் ஐந்து கிழமை விடுமுறை.
என் உடம்பில் இருந்து
நான் ஒரு நாளும் எடுக்காத விடுமுறையை
இன்னொருத்திக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முதல் காலை.
ஒரு மணித்தியாலம் பிந்திப் போகிறேன் என்று
வேலைக்குச் சொல்லிவிட்டு
நகுலேஸ் குசினியில் நின்றான்,
ஏற்கனவே கழுவிய கோப்பையைக் கழுவிக்கொண்டு.
குளியலறைக்குள் லெத்தேய்
தன் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே
என் முதுகைத் தொட்டாள்.
குழாயைத் திறந்து, சரியா என்றாள்.

இன்னும் கொஞ்சம் சூடாக, என்றேன்.
திருப்பினாள்.
இன்னும்.
கண்ணாடி முழுக்க ஆவி.
இன்னும் கொஞ்சம்.

குசினியில் கோப்பைச் சத்தம் நின்றது.

அதே குழாய்தான்.
எட்டு வருசமாகச் சரியா என்று கேட்டவனுக்கு
ஓம், ஓம் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.
ஆறே முக்கால் ரயில் அவனுக்கு.
இரவில் மூன்று தரம் எழும்பிய கண்
சிவந்து கிடக்கும்.
அதற்கு மேல் எப்படிக் கேட்பது,
சம்பளம் வாங்காதவனிடம்?

கதவுக்கு அப்பால் இருந்து, மெதுவாக:
"நந்தினி, உனக்கு எப்பவும் குளிர்ந்ததே?"

தோளில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

என்னவாம், என்றாள் லெத்தேய்.
நேரம் கேட்கிறார், என்றேன்.

அவள் ஈரக் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்து
மூடிய கதவை நோக்கி
உரத்த ஜெர்மனில் சொன்னாள்:
ஏழு பத்து.