நண்டுமுனை: பரப்பும் ஆட்தொகையும்

கொட்டியாற்றுக் குடாவின் தெற்கு ஓரம்
ஒரு கிராம சேவகர் பிரிவு.
பரப்பு, இரண்டு சதுர கிலோமீற்றரும் சொச்சமும்.
சொச்சத்தைத் தண்ணீர் தீர்மானிக்கும்.
கார்த்திகை மழையில் முகத்துவாரம் வெட்டுப்பட்டால்
பதினேழு வீடு மறுகரை.
அந்த நாட்களில் அவர்களுக்கு நான் அதிகாரி இல்லை,
இக்கரையில் நின்று கை காட்டும் ஒருத்தி.

எல்லைகள், பழைய கோப்பில் உள்ளபடி:
வடக்கே கடல்.
கிழக்கே கந்தப்பரின் இரட்டைப் பனை.
ஒன்று சூறாவளியோடு போனது.
மற்றதை முகாம் கட்டியவர்கள் தறித்தார்கள்.
கிழக்கு இப்போது உத்தேசம்.
தெற்கே உவர்நிலம்.
மேற்கே ஆறு,
அது அந்த வருடம் எங்கே கிடக்கிறதோ அங்கே.

கணக்கெடுக்க ஒரு டப்லெட் தந்தார்கள்.
ஊரைக் காட்டச் சொன்னால்
வெயிலில் திரை கறுத்து
என் முகத்தையே காட்டியது.

அந்த இரவு வீட்டில் யார் யார்?
கேள்வி அவ்வளவுதான்.
அந்த இரவு பார்த்து நல்ல சூடைப்பாடு.
ஆண்களில் பாதி கடலில்.
கடலில் நிற்பவனை எந்தப் பிரிவில் போடுவது?
மேலதிகாரி போனில் கொஞ்ச நேரம் மூச்சு விட்டார்.
"கரைக்கு வரட்டும், எண்ணுங்கோ."

விடிய நாலரைக்கு
டோர்ச் வெளிச்சத்தில் எண்ணினேன்.
பக்கத்தில் றபாய்தீன் நண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் முப்பத்தொன்று என்றால்
அவர் முப்பத்திரண்டு என்று பிடித்துக்கொள்வார்.
இருவருமே திரும்ப முதலில் இருந்து.
அவருடைய நண்டும் என்னுடைய ஆட்களும்
வைத்த இடத்தில் நிற்கவில்லை.

ஜெசீமாவின் குசினி எங்கள் பிரிவு,
படுக்கிற அறை அடுத்த பிரிவு.
"நீங்கள் எந்தப் பக்கம்?"
"ஆர் நிவாரணம் கூடத் தாறாங்களோ
அந்தப் பக்கம் எழுதுங்க மிஸ்."
சுவர்ப் பல்லி ஒன்று
ஒரு பிரிவிலிருந்து மறுபிரிவுக்குப் போனது.

மல்காந்தி, யோகேந்திரன் வீட்டில்
பிள்ளையின் இனம் கேட்டேன்.
மல்காந்தி தேத்தண்ணி போட எழும்பினாள்.
யோகேந்திரன் பூனையைத் தூக்கி
அதன் காதை வெகுநேரம் ஆராய்ந்தான்.
ஆறு வயது மட்டும் நேரே பார்த்து
"நான் நீந்துவன்" என்றது.
அதைப் பதியக் கட்டமில்லை.
சீனி கூடிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு
பிறகு வருகிறேன் என்றேன்.
இரண்டு தரம் போனேன்.
இரண்டு தரமும் தேத்தண்ணிதான்.

நானூற்றுப் பன்னிரண்டு.
கட்டார் போனவர்கள் இல்லாமல்,
சலவைக் கொடியில் சேர்ட் மட்டும் காய்கிறவர்கள் இல்லாமல்,
"இப்ப வருவான், எழுதுங்கோ" என்று
லூர்துமேரி மூன்று தரம் சொன்ன ஒருவனும் இல்லாமல்.
அவளுக்கு முன்னால் எழுதினேன்.
ஒழுங்கை திரும்பியதும் அழித்தேன்.
அந்த ஒழுங்கை
எங்கள் பிரிவின் மிக நீளமான வீதி,
நூற்றுப் பத்து மீற்றர்.

மாலை ஆறுக்கு அனுப்பினேன்.
பச்சை நிறத்தில் ஒரு சரி வந்தது.
அதன்பிறகு திருத்த முடியாது.

இரவு முழுக்க மழை.
விடியப் பார்த்தால் ஆறு வெட்டியிருந்தது,
போன வருடத்துக்கு அறுபது அடி இந்தப் பக்கமாக.
மறுகரையில் பதினேழு வீட்டுச் சனமும்
சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது.
ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான்.
காற்று பாதியை எடுத்துக்கொண்டது.

"மிஸ், ஒண்டைக் கூ..."

கூட்டுங்கோ என்றானா,
குறையுங்கோ என்றானா?
கூவென்று காற்றுத்தான் இழுத்ததா?
பின்னால் ஒரு பெண் முகத்தை மூடியிருந்தாள்,
மழைக்காகவும் இருக்கலாம்.

நான் கை காட்டினேன்.
அவர்களும் காட்டினார்கள்.
கோப்பின் ஓரத்தில் பென்சிலால்
நானூற்றுப் பன்னிரண்டும் சொச்சமும்
என்று எழுதி வைத்தேன்.