மூன்றாம் நிறுவல்

முதல் தரம் ஜெர்மன் மொழியில் நிறுவினேன்.
இரண்டாம் தரம் பிரெஞ்சு.
பீல் நகரத்தில் தெருப்பலகைக்கே இரண்டு நாக்கு,
அதற்குத் தக்கபடி நடந்துகொண்டேன்.
இரண்டு நாக்கிலும் நீலத்திரை வந்தது.

இது மூன்றாவது. மார்ச் மாதத்து ஞாயிறு.
வரிப் படிவத்துக்கு இன்னும் நான்கு நாள்.
வீம்புக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்தேன்.
வட்டைத் துடைத்தேன், பிரிவுகளை அழித்தேன்,
எல்லாம் நீக்கப்படும், உறுதியா என்றது.
உறுதி, உறுதி என்று அழுத்தியே
ஆள்காட்டி விரல் தேய்ந்துவிட்டது.

நேசகுமார் உருளைக்கிழங்கு சீவியபடி
"முழுக்கத் துடைச்சுப் போட்டால்
எந்தப் பேயும் ஓடும்" என்றார்.
இருபது வருடமாக ஒரே தாச்சியை
அடிவரை துடைத்தறியாத மனிதர்.

நாற்பது நிமிடம் நன்றாக ஓடியது.
பற்குழி அடைத்த செலவை மூன்றாம் தரமாக எழுதினேன்,
நானூற்றுப் பன்னிரண்டு பிராங்க்,
சதத்துக்குப் புள்ளி வைக்கும்போது விழுந்தது.
நீலம். பக்கவாட்டில் சரிந்த அந்தச் சோக முகம்.
கீழே என் தாய்மொழியில்:
உங்கள் கணினி ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டது.
மாட்டிக்கொண்டது நானில்லையாம்.

பிழைகளை மின்கட்டண உறையின் பின்புறம்
குறித்து வந்திருந்தேன். பதினொன்று.
ஒன்றைப்போல் ஒன்றில்லை.
திங்கட்கிழமை அச்சுப்பொறிதான் குற்றவாளி என்றது,
புதன்கிழமை படஅட்டை,
வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு கோப்பு,
அதன் பெயர் வாயில் நுழையவில்லை.
ஒவ்வொன்றையும் நம்பினேன்.
அச்சுப்பொறியைக் கழற்றி அலமாரிக்கு மேல் ஏற்றினேன்.
படஅட்டைக்குப் புது இயக்கி போட்டேன்,
பிறகு பழசுக்கே திரும்பினேன்.
கோப்பைத் தேடிப்போனால்
அது ஒரு பாவமும் அறியாமல் இருந்த இடத்தில் இருந்தது.

விசிறியில் தூசி. உறிஞ்சியைப் போடலாம்தான்,
ஆனால் ஞாயிற்றுக்கிழமை.
கீழ்வீட்டு ஏபிஷர் அம்மையார்
ஊசி விழுந்தாலும் வெப்பக்குழாயில் தட்டுவார்.
வாயால் ஊதினேன்.
முழுவதும் என் கண்ணுக்குள் வந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு
உறையைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது.
காரணத்தை மாற்றி மாற்றிச் சொல்லும் வாய்
வேறெதையோ மறைக்கிறது.
எனக்கு அந்த வாயைத் தெரியும்.

நினைவகச் சோதனையை ஓடவிட்டுப் படுத்தேன்.
இரவு இரண்டரைக்கு எழுந்து பார்த்தால்
ஐந்தாம் சுற்றில் சிவப்புக் கோடுகள்,
மழை விட்டதும் நடைபாதைக்கு வரும் மண்புழுக்கள் மாதிரி.
உள்ளே இரண்டு பட்டைகள்.
ஒன்றைப் பிடுங்கினேன், சோதித்தேன்,
மற்றதைச் சொருகினேன், சோதித்தேன்.
முதல் ரயில் போகிற சத்தம் கேட்டபோது அகப்பட்டது.
கார்த்திகையில் நானே சொருகிய பட்டை.

கடையில் புதிதாக வாங்கினேன், தொண்ணூறு பிராங்க்
என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.
ஸ்டேஷனின் பின்வாசலில் ஒரு மாணவனிடம்
இருபதுக்கு வாங்கியது.
மீதி எழுபது எங்கே போனது என்பது
இந்தக் கவிதையில் இல்லை.

மூன்று மொழியில் வெள்ளையடித்திருக்கிறேன்,
அது அத்திவாரத்துக்குள்
தன்பாட்டில் இருந்திருக்கிறது.

இப்போது பாதி நினைவோடு ஓடுகிறது.
மெதுவாகத்தான். ஒரு பக்கம் திறப்பதற்குள்
தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம்.
ஆனால் விழவில்லை.
பல்லின் செலவைச் சதம் வரை எழுதி முடித்தேன்.

ஏழு மணிக்கு நேசகுமார்
கதவிடுக்கில் தலையை நீட்டினார்.
"என்னவாம் பிரச்சினை?"
கழற்றிய பட்டை என் மேலங்கிப் பைக்குள்
சில்லிட்டுக் கிடந்தது.
"இயக்கி" என்றேன்.

பன்னிரண்டாவது.