ஒரு நிமிடம் முழுதாக

நாற்பது வருடம் டீசல் எஞ்சின்களுக்குக்
காது கொடுத்தவன் நான்.
ஆறில் ஒரு சிலிண்டர் இருமினால்
மேல்தளத்தில் நின்றே சொல்லிவிடுவேன் எதுவென்று.

பிப்ரவரி. காட் மீன் குவிந்த விடியல்.
ஏணியில் பாதி ஏறும்போது
நெஞ்சுக்குள் யாரோ உயிர்மீனைப் போட்டுக்
கூடையை மூடியதுபோல்
துள்ளல், துள்ளல், ஒன்றுமில்லை,
துள்ளல்.

"ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" என்றாள் டாக்டர் துவா.
மேலறைகள் சுருங்காமல் நடுங்குகின்றனவாம்.
நடுங்கும் இடத்தில் ரத்தம் தேங்கி உறையுமாம்.
உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால்
பேச்சு போகலாம், ஒரு பக்கம் போகலாம்.
ஜன்னலுக்கு வெளியே
பனி அள்ளும் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

போதோவில் மயக்கம் கொடுத்து
ஒரே ஓர் மின் அதிர்ச்சி.
விழித்தபோது உள்ளே புதுப் பம்பின் ஒழுங்கு.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் உருளைக்கிழங்கு உரிக்கையில்
மறுபடி கூடைக்குள் மீன்.

"பழுது பார்த்தாயிற்று என்றீர்களே!" கத்தினேன்.
"உங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரிக்கிறீர்கள், ஓட்வார்.
எனக்கு அந்தச் சலுகை இல்லை.
தாளம் திரும்பாவிட்டால் போகட்டும்,
வேகத்தையாவது அடக்குவோம்.
மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விடாதீர்கள்."

காலை ஒன்று, இரவு ஒன்று,
ரேடியோவின் கடல் வானிலையோடு விழுங்குகிறேன்.
சவரக் கீறல்
செய்தி முடியும்வரை சிவக்கிறது.
மீன் அறுக்கையில் இடக்கையில் எஃகு வலைக் கையுறை;
பையன்கள் என்னை 'மாவீரர்' என்கிறார்கள்.
கிறிஸ்துமஸ் அன்று அக்வாவிட்டை முகர்ந்துவிட்டு
மைத்துனன் தோர்கெய்ர் பக்கம் நகர்த்தினேன்.
இரண்டையும் அவனே குடித்தான்,
என் ஆரோக்கியத்துக்காக.

இந்த நாடியை
பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக்கூடாது.
ஒழுங்கில்லாததை முழுசாகத்தான் எண்ண வேண்டும்.
என் விரல்களில் எண்ணெய்க் காய்ப்பு, ஒன்றும் தெரிவதில்லை.
ஆகவே போர்கில்ட் எண்ணுகிறாள்,
பழைய எஞ்சின் பதிவேட்டில் குறிக்கிறாள்:
எண்பத்திரண்டு.
எழுபத்தெட்டு.
நூற்றுப் பதினொன்று (அன்று வரிக் கடிதம் வந்தது).

முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில்
ஒரு நிமிடம் முழுதாக
அவள் என் கையைப் பிடித்ததில்லை.
நானும்தான்.

நேற்றிரவு வாயைத் திறந்தேன்.
"பேசாதே, எண்ணிக்கை போய்விடும்."
கடிகார முள் ஒரு சுற்று முடித்தது.
விரல் விலகவில்லை.

விட்டுப்போச்சாம்.
மறுபடி ஒன்றிலிருந்து.