எதிர்ச்சுவர்

வசந்தத்தில் வெல்கோ தன் வீட்டுக்கு மட்டும்
வெளியே பச்சை அடித்துக்கொண்டான்.
எட்டு மாடி, அறுபத்து நான்கு வீடு,
எல்லாம் ஒரே சிமென்ட் சாம்பல்.
நடுவே ஒரு சதுரம் பிஸ்தாப் பச்சை,
கால்சட்டையில் போட்ட ஒட்டு மாதிரி.
குளிருக்குத் தெர்மாகோல் பலகை ஒட்டி
அதன்மேல் பூசுகிற வண்ணம் அது.
சூடேற்றும் கட்டணம் பாதியாகிவிட்டதாம்.

சப்ரியான் அன்றிரவு தூங்கவில்லை.
"பாதியாமே" என்றான் இருட்டில்.
அவன் கட்டணத்தைச் சொல்லவில்லை.

வங்கியில் கொஞ்சம்.
ஓப்பல் காரை விற்றுக் கொஞ்சம்.
போதாததற்கு, தேயிலை டப்பாவில்
என் பல்லுக்கென்று வைத்திருந்தது.
மேல்வரிசையில் நான்கு கட்டவேண்டும்.
"சுவர் முதலில் ஆகட்டும்" என்றான்,
"வாயை யார் பார்க்கப்போகிறார்கள்."

கயிற்றில் தொங்கியபடி வந்தார்கள் இரண்டு பையன்கள்.
ஒருவன் ஜன்னலைத் தட்டித் தண்ணீர் கேட்டான்.
குடித்துக்கொண்டே உள்ளே பார்த்தான்:
ஒழுகும் குழாயடியில் வாளி,
பெயர்ந்த தரை விரிப்பு,
செய்தித்தாளை மடித்து முட்டுக்கொடுத்த மேசை.
ஒன்றும் சொல்லவில்லை.
டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டு
வெளிப்பக்கத்தை
வழவழவென்று இழுத்துக்கொண்டு போனான்.

அட்டையில் அதன் பெயர் ஏப்ரிகாட்.
காய்ந்தபின் பூசணி.
ஆனாலும் மூன்று தெரு தாண்டித் தெரிந்தது.
ட்ராலிபஸ் ஓட்டுகிறவன் சப்ரியான்.
எங்கள் நிறுத்தத்தில் மட்டும்
கதவை அரை நிமிடம் கூடுதலாகத் திறந்துவைப்பானாம்,
இறங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று.
ரூசே நகரமே அண்ணாந்து நிற்பதாக நினைப்பு.
விலை கேட்டவர்களிடம்
ஒன்றரை மடங்கு சொன்னான்.
கீழ்வீட்டு ஸ்லாவ்கா படிக்கட்டில் நிறுத்தி
"கொடுத்துவைத்தவள் நீ" என்றாள்.
கையால் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அக்டோபர். பால்கனி தோறும் குடைமிளகாய் சுடும் புகை.
இரவல் வாங்கிய ஜாடிகளைத் திருப்பித் தர
எதிர்க்கட்டடம் ஏறினேன், லிஃப்ட் ஓடவில்லை.
வெல்கோவின் மனைவி எவ்தீமியா
மூச்சிரைத்த என்னைச் சமையலறையில் உட்காரவைத்தாள்.
நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தேன் என் வீட்டை.
நான்கு மாதமாக அதற்குள்தான் இருக்கிறேன்.
எட்டி வெளியே தலை நீட்டினால்
விளிம்பில் ஒரு கீற்று,
அவ்வளவுதான் என் பங்குக்கு வந்தது.
இங்கிருந்து முழுசாக,
சாயங்கால வெயில் மொத்தமும் அதன்மேல் விழ,
அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

"தினம் இங்கே உட்கார்ந்துதான் காபி" என்றாள் எவ்தீமியா.
"எங்களுக்கென்றே அடித்த மாதிரி இருக்கிறது.
எங்கள் பச்சையை நாங்கள் எங்கே கண்டோம்,
தவணைச் சீட்டைத்தான் கண்டோம்.
சொல்லேன், அங்கிருந்து பார்த்தால் எப்படி?"

மழைத்தண்ணீர் வழிந்து
அவள் ஜன்னலுக்குக் கீழே
இரண்டு கறுப்புக் கோடு இறங்கியிருக்கிறது.
சொல்லலாமா வேண்டாமா.
"கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றேன்.
அவள் எழுந்துபோய்
வெல்கோவுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த
பிளம் சாராயத்தை எடுத்துவந்தாள்.

எதிரே விளக்கு எரிந்தது.
பூசணிச் சதுரத்தின் நடுவில், பனியனோடு,
ஒரு கையில் ரொட்டியோடு, சப்ரியான்.
இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.
கை அசைத்தேன்.
அவன் அசைக்கவில்லை.
அவன் கண் என் ஜன்னலில் இல்லை,
ஒரு முழம் கீழே,
அந்தக் கோடுகளில்.
ரொட்டியைக் கடிக்க மறந்து
எண்ணிக்கொண்டிருந்தான் போல,
ஒன்று, இரண்டு.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
பொத்திக்கொள்ளக் கை ஒழியவில்லை,
ஒன்றில் கோப்பை, ஒன்று இன்னும் ஜன்னலில்
அசைந்துகொண்டிருந்தது.
நான்கு பல் இல்லாத சிரிப்பு.
எவ்தீமியா பார்த்தாள்,
அவளும் சிரித்தாள், எதற்கென்று கேட்காமல்.

படியிறங்கும்போது கவனித்தேன்:
ஜாடிகளைக் கொடுத்துவிட்டேன்,
மூடிகள் என் பையிலேயே இருந்தன.