காரணம் எழுதும் கட்டம்

கட்டைபறிச்சான் பாலம் தாண்டினால்
சிக்னல் போய்விடும். அதனால்
பட்டியலைத் தாளில்தான் கொண்டுபோகிறேன்.
நாற்பத்தேழு பேர் வரவில்லை.
முப்பத்தோராவது மாலையரசி, வயது நாற்பத்தாறு,
சீனி வருத்தம் உண்டு,
கருவாடு காயப்போடுகிறவள்.

மூன்றாம் தடவையும் பிளேன்டீ ஊற்றினாள்.
கைகழுவச் சவர்க்காரம் தந்துவிட்டு
மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்து
என்னைவிட ஒழுங்காய்
ஒரு மீற்றர் தள்ளி நின்றாள்.

படித்துக்கொண்டு போனதையெல்லாம் சொன்னேன்.
ஊசிக்குள் சிப் இல்லை, மலடாக்காது,
கொத்தமல்லி அவித்துக் குடிக்கலாம், ஆனால் போதாது.
சிரித்தாள்.
உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தாள்.
நாலு பிள்ளைகளின் கிளினிக் அட்டைகள்.
முக்கூட்டு, போலியோ, சின்னமுத்து,
ஒரு திகதி தவறவில்லை.
இரண்டு அட்டையில் என் கையெழுத்து.

"ஊசிக்கு ஆர் மிஸ் பயம்?
பள்ளிக்கூடத்துக்கெல்லோ வரச் சொல்லுறீங்கள்."

அட்டைகளுக்கு அடியில் ஒரு படம்,
கழுத்துப் பட்டன் வரை பூட்டிய பையன்.
தொண்ணூறாம் ஆண்டு, அதே வாசல்.
ஒலிபெருக்கி அன்றைக்கும் மரியாதையாகத்தான் கூப்பிட்டது:
எல்லாரும் வரவும், அடையாள அட்டை கொண்டுவரவும்,
பதிந்துவிட்டு அனுப்பிவிடுவோம்.
பச்சை உடுப்புக்காரன் ஒருவன் பேர் எழுதினான்.
அண்ணன் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றான்.
அவளை அனுப்பிவிட்டார்கள்.

"இப்பவும் பேர் எழுதுறது அவங்கள்தானே.
உங்கட பையில கொண்டுவந்து
இந்த வாங்கில இருத்திக் குத்துங்கோ,
ரெண்டு கையையும் தாறன்."

கிளினிக்கில் கேட்டுப் பார்த்தேன்.
குப்பியைத் திறந்தால் பத்துப் பேர், ஆறு மணித்தியாலம்,
ஒருத்திக்காகத் தூக்கித் திரிய ஏலாது என்றார்கள்.
உண்மைதான். நானும் கணக்குப் போட்டேன்.

படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம்:
கர்ப்பிணி. ஒவ்வாமை. வெளியூர். மறுப்பு.
நான் ஓரத்தில்
'பள்ளிக்கூட வாசல்' என்று எழுதினேன்.
மேலதிகாரி சிவப்பால் வெட்டி
'மறுப்பு' என்று திருத்தினார். கோபமில்லாமல்.

மூதூரில் றமீசாவின் வாப்பா
கதவைத் திறக்காமலே கேட்டார்:
"எங்கட மய்யத்த எரிச்ச கைதானே இது?"
அவருக்கும் அந்தக் கட்டம்.
வட்ஸ்அப்பில் வந்த குரலை நம்பி
எனக்கே அதைப் போட்டுக் காட்டிய
ஓட்டோக்காரனுக்கும் அந்தக் கட்டம்.

பத்துப் பேர் சேர்ந்தால் குப்பி தருவார்களாம்.
வாசலுக்குப் பயந்தவர்களாய்த் தேடுகிறேன்.
மாலையரசியோடு மூன்று.

எனக்கு ஊசி போட்ட அன்று
பட்டியலில் என் பேரை ஒரு சிப்பாய் வாசித்தான்.
வாயில் வராமல் பிழையாய் வாசித்து
தானே வெட்கப்பட்டான்.
என் மகனின் வயது. கதிரை இழுத்துத் தந்தான்.
'ஓம், நான்தான்' என்று சொல்ல
எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.